லேயாவுக்குச் சொல்லப்படாத மரணம்

தவமணி உடம்புக்கு முடியாமல்தான் சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளுக்கு வாசிப்பதை விட்டுவிட்டார் என்று செத்தவீட்டில் மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். அது பிழை. அவர் விடவில்லை, நிறுத்தினார்கள். அதில் என் சொல்லுக்கும் பங்குண்டு. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இனிப்பான கட்டுரை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தார்.

“அன்ரி, அம்மா போயிட்டா.”

 “ஹைமுக்குச் சொன்னனீரோ?” என்று கேட்டேன். ஓல்டன் நகருக்குப் பக்கத்தில், தவமணி சலவைப் பகுதியில் வேலை செய்த சிறுவர் இல்லத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

“ஓம், சொன்னனான். பூ அனுப்புறம் எண்டவை. பிள்ளையளுக்குச் சொல்லமாட்டினமாம். அம்மா லீவில நிக்கிறா எண்டு சொல்லி வைச்சிருக்கினம்.”

லீவில்.

தவமணி ஊரில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இங்கே குடியுரிமைக்கான மொழிச் சோதனைக்காக, நூலகத்தில் ஜெர்மன் சிறுவர் புத்தகங்களை எடுத்து, துணி அழுத்தும்போது உரக்க வாசித்துப் பழகினார். ஒரு நாள் மதியம் சலவை அறை வாசலில் ஒன்பது வயதுப் பிள்ளையொருத்தி வந்து நின்றாள். இங்கே அவளை லேயா என்கிறேன். அது அவளுடைய பெயர் அல்ல. தாய் ஒரு நாள் பாடசாலை வாசலில் விட்டுப் போனவர், பிறகு வரவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரிந்ததை நான் எழுதமாட்டேன். இல்லத்தில் அவள் ஒருவரோடும் பேசுவதில்லை.

“நீங்கள் பிழையாய் வாசிக்கிறீங்கள்” என்றாளாம்.

“அப்ப நீ வாசி. நான் காலுறை மடிக்கிறன்.”

அப்படித் தொடங்கியது. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் இவர். வாசிக்காதவர் துணி மடிக்க வேண்டும். வேறு விதி இல்லை. சில கிழமைகளில் இன்னும் நான்கு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். கதை விளங்கியதா என்று தவமணி ஒருநாளும் கேட்டதில்லை. அது சரியான முறையா என்று நான் கேட்டேன்.

“கேட்டா சோதினையாப் போயிடும், அக்கா. டொக்டர் கேக்கிறார், ரீச்சர் கேக்கிறா, ஒஃபிசில கேக்கினம். பாவம், அதுகள் நாள் முழுக்கப் பதில் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போகுதுகள். என்னட்டயாவது சும்மா இருக்கட்டுமே.”

ஒரு புத்தகத்தில், வீடு மாறும் குடும்பமொன்று தன் பூனையை விட்டுச் செல்லும் பக்கம் வந்தது. லேயா, “திரும்ப” என்றாள். மறுநாளும் அதே பக்கத்தைக் கேட்டாள். பதினொரு நாட்கள் தவமணி அதையே வாசித்தார். பன்னிரண்டாம் நாள் பிள்ளை தானாகவே பக்கத்தைப் புரட்டினாள். அன்று மாலை முதல் தடவையாக மற்றவர்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டாள்.

இல்லத்தின் பொறுப்பாளர் அம்மையாரின் காதுக்குப் பதினொரு நாட்கள் மட்டுமே எட்டின. சலவைக்காரிக்கு மேலே வாசிக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, ஒரு கூட்டம் வைத்தார். மொழிபெயர்க்க நான் போனேன். தவமணி தம் நியாயத்தைச் சொல்லத் தொடங்குமுன், அம்மையார் என் பக்கம் திரும்பி, “பிள்ளைகளுக்கு வாசிக்க இவருடைய ஜெர்மன் போதுமா?” என்று கேட்டார். மொழிபெயர்க்க வந்தவள் அந்தக் கேள்வியைத் தவமணிக்குச் சொல்லியிருக்க வேண்டும். நானோ பதில் சொன்னேன். “போதாது. பிழைகள் அதிகம்.” கன்னியாஸ்திரிகளிடம் படித்த எனக்குப் பிழையான மொழி காதில் விழுந்தால் பொறுக்காது. பிள்ளை சாப்பிடத் தொடங்கியதை நான் அறிந்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில் தவமணி ஒன்றுதான் கேட்டார்.

“என்ர வாயாக் கதைக்கத்தானே அக்கா வந்தனீங்கள்?”

அதன் பின் சலவை அறைக்குப் பிள்ளைகள் வரக் கூடாது என்றார்கள். புதன்கிழமைகளில் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து வாசித்தார். முடிவில் கேள்வித்தாள் கொடுத்தார். லேயா இரண்டு தடவை போனாள்; பிறகு போகவில்லை.

மாரியில் தவமணி நோயில் விழுந்தார். வைத்தியசாலையில் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“நீங்கள் பொய் சொல்லேல்லை. உங்களுக்குப் பொய் வராது. அதுதான் உங்களோட கரைச்சல்.” கொஞ்சம் மூச்சு வாங்கி, “லேயாவை விட்டிட்டுப் போன ஆக்கள் எல்லாரும் சொல்லாமத்தான் போனவை. நான் சொல்லிப்போட்டுப் போகோணும், அக்கா. அவளை ஒருக்கா வரச் சொல்லுங்கோ” என்றார்.

நான் இரண்டு முறை இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மரணம் பிள்ளையைக் குழப்பும் என்றார்கள்.

தகனம் நடந்த அன்று மழை. பெட்டியின் காலடியில் இல்லத்தின் பூங்கொத்து இருந்தது. அச்சடித்த அட்டையில் பிள்ளைகளின் பெயரும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கே தெரியாத இரங்கல். அட்டையை நான் கழற்றிக் கைப்பையில் வைத்தேன். பூக்கள் உங்களோடு போயின, தவமணி. அமைதியாகப் போங்கள். உங்கள் வாயாக நான் பேச வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

இக்கட்டுரையை ஜெர்மனிலும் எழுதி, அந்த அட்டையோடு இல்லத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பொறுப்பாளர் அம்மையாரே, தவமணி இறந்துவிட்டார் என்பதையும், அவர் கடைசிவரை அவளைக் கேட்டார் என்பதையும் லேயாவிடம் யார், எந்த நாளில் சொல்லப்போகிறீர்கள்? தொலைபேசி வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.