மேருவில் யாரும் சாப்பிடாத கோழிப் பொட்டலம்

என் கல்லூரித் தோழி கவிதா கிள்ளான் பக்கத்து மேருவில் புது வீடு வாங்கியிருக்கிறாள். மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பால் காய்ச்சினார்கள். மதிய விருந்துக்குச் சிரம்பானிலிருந்து கிளம்பினேன். அழைக்கும்போதே அவள் எச்சரித்திருந்தாள்: "மாமியார் வாசல்ல குங்குமத் தட்டு நீட்டுவாங்க. மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லிடாத லா. முத நாளே எனக்கு வம்பு வேணாம்."

சிக்கல் இதுதான். நான் கத்தோலிக்கப் பெண். குங்குமம் வைப்பதில்லை, படையல் சாப்பிடுவதில்லை. அதற்காக, புது வீட்டில் கவிதாவின் முதல் நாளைக் கெடுக்கவும் மனமில்லை.

காலை ஏழு மணி கொமுட்டர் ரயில். கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலுக்கு ஒன்றரை மணி நேரம், கட்டணம் ஒன்பது ரிங்கிட்டுக்குள். அங்கிருந்து நம்மவர் கடைத்தெருவான பிரிக்ஃபீல்ட்ஸ் நடைதூரம்தான். தோசையும், நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீயும் ஏழு ரிங்கிட். பக்கத்து மேசையில் ஆட்டுக்கறிக் குழம்பு மணந்தது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எனக்குக் கறி கிடையாது என்பதால் வாசனையோடு திருப்திப்பட்டேன். பிறகு பரிசு வேட்டை. பாத்திரக் கடையில் எதைத் தொட்டாலும் லட்சுமி சிரித்தாள். கடைசியில் ஓர் அஞ்சறைப்பெட்டி அகப்பட்டது.

கிள்ளானுக்கு இன்னொரு கொமுட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. வழியெல்லாம் மரியாதையாக மறுக்க ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். ஸ்டேஷனிலிருந்து மேருவுக்கு வாடகைக் கார், பதினாறு ரிங்கிட். தொழிற்பேட்டை லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பட்டுச்சேல, பூவு எல்லாம் இருக்கு. பொட்டு மறந்துட்டீங்களா அக்கா?"

"மறக்கலண்ணே. நான் கிறிஸ்டியன்."

"ஓ! அப்ப சாப்பாடு உங்களுக்கு கஷ்டம் லா. சைவமால்ல இருக்கும்!"

சிரித்து வைத்தேன். அவர் வாய்முகூர்த்தம் பலிக்கப் போவது அப்போது தெரியவில்லை.

வாசலில் மாமியார் தட்டோடு நின்றார். பின்னால் கவிதா கண்ணாலேயே கெஞ்சினாள். கைகூப்பி, ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன்: "ஆன்டி, தப்பா நெனைக்காதீங்க, உங்க ஆசீர்வாதம் மட்டும் போதும்."

"தெரியும்மா, கவிதா சொல்லியிருக்கா. நீ இப்படி வா."

தட்டை மருமகளிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்து வேலிப் பக்கம் இழுத்துப் போனார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், எல்லோருக்கும் மாக்சிக், ஒரு பொட்டலத்தை நீட்டினார். பொரித்த கோழி, சூடாக!

"உங்காளுங்களுக்கு கறி இல்லாம எறங்காதே. இன்னிக்கு எங்க வீட்டுக்குள்ள கவுச்சி ஆகாது. அதான் மாக்சிக் வீட்ல வெச்சிருந்தேன். போர்ச்சுல உக்காந்து சாப்பிடும்மா" என்றார் ஆன்டி.

முன்பின் பார்க்காத எனக்காக இந்த மனுஷி பூஜை நாளில் கோழி வாங்கியிருக்கிறார். இதையும் எப்படி மறுப்பது? சாப்பிட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் வாசலில் குங்குமத்துக்கு ஒரு நியாயம், வேலியோரம் கோழிக்கு ஒரு நியாயமா?

"ஆன்டி... எங்களுக்கு இது தவக்காலம். வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டோம்."

பின்னாலேயே வந்திருந்த கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாக்சிக்குக்கோ ரமலான் நோன்பு. நான்கு பெண்கள், ஒரு கோழி, சாப்பிட ஆளில்லை.

ஆன்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க சாமியும் வெள்ளிக்கிழமை சைவமா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன! வா, என் பக்கத்துல உக்காரு."

பொட்டலம் மாக்சிக் நோன்பு திறக்க அவரிடமே போயிற்று. படைக்காத பானையிலிருந்து எனக்குத் தானே பரிமாறினார் ஆன்டி. பாயசம் மூன்று முறை.

இப்படிப் போகிறவர்களுக்கு என் அனுபவம்: எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐந்து மணிக்கு மேல் கொமுட்டரில் நிற்கத்தான் இடமிருக்கும்.

எனக்கு எப்படியோ உட்கார இடம் கிடைத்தது. ஆன்டி கொடுத்த தாம்பூலப் பையைப் பிரித்தேன். வெற்றிலை, பாக்கு, தேங்காய் எல்லாம் இருந்தன. கவிதா கட்டிய மற்ற பைகளில் பார்த்த குங்குமப் பொட்டலம் மட்டும் இல்லை. அந்த இடத்தில், கரண்டு போனால் ஏற்றுகிற வெள்ளை மெழுகுவத்தி ஒன்று, பாதி எரிந்த நிலையில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாதா படத்துக்கு முன் அதைத்தான் ஏற்றினேன். முதலில் ஆன்டிக்காக ஜெபித்தேன்.