பின்னுக்கு வருகிறவள்

மந்தைவெளிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் என் வாய் மாறவில்லை. காலையில் சமையல் வேலைக்குக் கிளம்பும்போது "மலைக்குப் போயிட்டு வாறேன்" என்றுதான் வருகிறது. சிலோனில், நம்ம தேயிலைத் தோட்டத்தில் மலை என்றால் முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கிற இடம், வேலை. இங்கே மலை என்றால் சாமி. எதிர்வீட்டு பவுனு, "இன்னா ஆயா, தெனமும் திருப்பதியா? ஒரு நாளாவது லட்டு குடுத்தியா?" என்பாள். அங்கே இருக்கிற உங்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்தவர்களுக்கும் இது புரியும்.

இந்தப் பட்டணம் தோசைக்கல் மாதிரி தட்டை. மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு அடையாறு பாலம்தான் 'ஹில்'. என் மகள் சரசு ஓடுகிறாள், தலை நரைத்த பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம். போன வருஷம், பாலம் இறங்கினால் முடிகிற கோடு என்கிற இடத்தில் கால் நின்றுவிட்டது. பின்தங்கினவர்களை அள்ளிக்கொண்டு வருகிற வேனில் ஏற்றிவிட்டார்கள். ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் இந்த வருஷம் நானே பாலத்தடியில் போய் நின்றேன்.

வெயில் ஏறின பிறகு வந்தாள். உதடெல்லாம் உப்பு. தண்ணீர் கொடுக்கிற பெண், "கமான் மேடம், லாஸ்ட் ஹில்!" என்று கத்தினாள்.

"இதுவா மலை? கூடைகூட இல்லாம!" என்றேன்.

"குப்பைக் கூடை அந்தப் பக்கம் இருக்கு பாட்டி" என்று கை காட்டினாள்.

சரசு சிரிக்கவில்லை. "ஏற முடியல மா. வேன் வருது பாரு."

அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். "நீ முன்னுக்குப் போ. நா பின்னுக்கு இருக்கேன்." சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது என் பேச்சில்லை. லெச்சுமி அக்காவின் பேச்சு.

தோட்டத்தில் செங்குத்தான ஏற்றங்களில் அக்கா என் பின்னால் வருவாள். நெற்றியில் கூடைக்கயிறு அறுக்கும்போது, என் கூடையைக் கீழேயிருந்து ஒரு கையால் தூக்கிக் கொடுப்பாள். பிறகு ரெண்டு கவர்மெண்டும் எனக்கு இந்தியா, அவளுக்குச் சிலோன் என்று பேர் எழுதிப் பிரித்தார்கள். ரயிலடியில் அழாமல் அதையே சொன்னாள். "நீ முன்னுக்குப் போ. நா பின்னுக்கு வாறேன்." வரவில்லை. போன மழையில் அவள் இருந்த லயத்து வீடுகளோடு மேடே சரிந்து இறங்கிவிட்டது. மண்ணுக்குள்ளிருந்து இன்னும் அவளை எடுக்கவில்லை.

சரசுவைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். பாதிப் பாலத்தில் என் முதுகில் ஒரு கை பட்டது. அந்த வெயிலிலும் ஈரமான கை.

"மெதுவா வா அக்கா, மூச்சு வாங்குது உனக்கு" என்றேன்.

"யார்கூட மா பேசுற?"

"பேசாம ஏறு."

வேன் எங்களை எட்டுவதற்குள் உச்சி வந்துவிட்டது. சரசு இறக்கத்தில் ஓடினாள், கோட்டைத் தாண்டினாள். தாண்டின இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பார்த்துக்கொண்டு உச்சியிலேயே நின்றேன்.

போலீஸ்காரர் ஒருத்தர் வந்தார். "பாட்டிமா, வண்டிங்கள வுடப் போறோம். எந்தப் பக்கம் போவணும்?"

அடையாறு பக்கத்திலிருந்து சரசு எழுந்து இரண்டு கையையும் ஆட்டினாள், "வா மா!"

"இருங்க ஐயா. பின்னுக்கு ஒருத்தி வாறா."

அவர் நாங்கள் ஏறிவந்த சரிவை எட்டிப் பார்த்தார். "யாரும் இல்லியே?"

நான் திரும்பவில்லை. முதுகில் கை இருந்தது.