நல்ல தண்ணீர் குடித்த நாற்றுகள்

அந்த நாற்றுப் பண்ணையில் அவளுக்குப் பெயர் நாக்கு அக்கா. வாய்த்துடுக்கு கொஞ்சம் உண்டுதான், ஆனால் பெயர் வந்தது அதனால் இல்லை. உவர்மண்ணில் வளரும் உமரிச் செடியின் நாற்று எதுவும் அவள் நாக்கில் படாமல் வாசலைத் தாண்டாது. தட்டுக்கு ஓர் இலை கிள்ளி, முன்பல்லால் கடித்து, கண்ணை மூடுவாள். "ஏறியிருக்கு" என்றால் லாரியில் ஏற்றலாம். "ஏறலை" என்றால் யார் தலைகீழாக நின்றாலும் தட்டு நகராது.

ஏற வேண்டியது உப்பு. துறைமுகத்தில் தோண்டியெடுத்த சேற்றைக் கொட்டி எழுப்பிய கரையில்தான் அந்த நாற்றுகள் போய் வாழ வேண்டும். வெயில் காலத்தில் அந்த மண் வெள்ளை பூத்துக் கிடக்கும், புல்கூட எட்டிப் பார்க்காது. அதனால் நாற்றுகளைச் சின்னதிலேயே பழக்கிவிடுவார்கள். முதலில் நல்ல தண்ணீர். பிறகு அதில் ஒரு குவளை கடல்நீர், அப்புறம் இரண்டு, மூன்று. இலையோரம் வெளுக்கும், செடி முகத்தைச் சுளிக்கும், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். அந்தப் பாவத்தைப் பார்த்தால் கரையில் நட்ட வேகத்தில் சுருண்டுவிடும். போன மழையில், பிடித்துக்கொள்ள வேர் இல்லாத கரை ஒரு பக்கம் கரைந்து, கீழே தொழிலாளர் குடியிருப்பில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் புகுந்தது. இந்த மழைக்குள் செடி வேர் பிடித்தாக வேண்டும்.

இந்த நேரம் பார்த்து அவளுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. ஒரு மாதம் தூசி படக் கூடாது என்றுவிட்டார்கள். தண்ணீர் ஊற்றும் வேலையைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தாள். அவன் நல்லவன், ஆனால் எந்த வேலையிலும் காலூன்றாதவன். மனைவி வேறு மாசமாக இருந்தாள். பண்ணையின் மேற்பார்வையாளர் அம்மா அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டார். ஏதாவது குளறுபடி நடந்தால் அவனை மறுநாளே அனுப்பிவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

அவள் திரும்பி வந்த அன்றே லாரியும் வந்து நின்றது. உள்ளே நுழைந்தவளுக்குக் கண் கூசியது. தட்டுதட்டாக அப்படி ஒரு பச்சை! ஓர் இலையிலும் வெளுப்பு இல்லை. தம்பிக்குக் கைராசி என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அவன் தலைகால் புரியாமல் நின்றான்.

அவள் ஓர் இலையைக் கடித்தாள். வெள்ளரிக்காய்த் தோல் மாதிரி இருந்தது. அடுத்த தட்டில் கடித்தாள். அதற்கடுத்ததிலும் கடித்தாள். எதிலும் உப்பு இல்லை. தம்பியைத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"எந்தத் தண்ணிடா ஊத்துனே?"

"உன் செடிங்க வாடுறதைப் பாக்க முடியலக்கா. நீ கண்ணு சரியாகி வர்றப்போ பச்சையா இருக்கட்டும்னு, தொட்டியில கலந்து வச்ச உப்புத் தண்ணியை விட்டுட்டு நம்ம வீட்டுக் குடத்தைத் தூக்கிட்டு வந்து ஊத்துனேன்."

வீட்டுக்கு லாரித் தண்ணீர் அளந்துதான் வரும். அதில் பாதியைச் செடிக்குக் கொடுத்துவிட்டு அவனும் மனைவியும் உப்புத் தண்ணீரில் குளித்திருக்கிறார்கள். இவனை அறைவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேற்பார்வையாளர் அம்மா வந்துவிட்டார். "என்னக்கா, ஏறியிருக்கா?"

தம்பி வாளியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிலருக்குப் பொய் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கோ இந்த ஒரு வார்த்தையில் இதுவரை பொய் சொல்லிப் பழக்கமில்லை. மென்று முழுங்கினாள்.

"ஏறியிருக்கு."

அவர் ஓர் இலையைக்கூடக் கிள்ளிப் பார்க்கவில்லை. லாரிக்காரருக்குக் கையைக் காட்டினார், அவ்வளவுதான். அந்த நம்பிக்கைதான் அவளைக் கொன்றது.

கரையில் குழிகள் தயாராக இருந்தன. ஆட்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவள் மேலே நின்று கீழே பார்த்தாள். கரையை ஒட்டிய முதல் வீடு தம்பியுடையது. போன மழையின் தண்ணீர்க் கோடு சுவரில் இன்னும் அழியாமல் இருந்தது. அவன் மனைவி வயிற்றைத் தள்ளிக்கொண்டு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் சிரித்துக் கையசைத்தாள்.

முதல் நாற்று குழிக்குள் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. அவள் விறுவிறுவென்று மேற்பார்வையாளர் அம்மாவிடம் போனாள்.

"நிறுத்தச் சொல்லுங்க மேடம். ஒண்ணுலயும் உப்பு ஏறலை. அப்பவே தெரியும். நான் சொன்னது பொய்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவளை வெறுமனே பார்த்தார். யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்கவும் இல்லை. அது ஊருக்கே தெரியும். தட்டுகளைத் திரும்ப ஏற்றச் சொன்னார். மழைக்கு முன்னால் பழக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். கூடவே இருந்து பார்த்தால் முடியும், கொஞ்சம் போனாலும் மீதி தேறும் என்றாள். நாற்று கரைக்குப் போகும்வரை தம்பி கடல்நீர் சுமக்கட்டும், அதற்குப் பிறகு அவனுக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறினார்.

லாரியில் தட்டுகளுக்கு நடுவே தம்பி பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான். பாதி வழியில்தான் வாயைத் திறந்தான்.

"என் சோத்துல மண்ணைப் போட்டுட்டியேக்கா."

"மழை வந்தா உன் வீட்டுக்குள்ளதான்டா முதல்ல தண்ணி வரும்."



அன்றிலிருந்து அவன் கடல்நீர் சுமந்தான், அவள் குவளையில் அளந்து ஊற்றினாள். இலையோரம் வெளுக்க ஆரம்பித்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கால்வாசித் தட்டுகள் கருகிப்போயின. மீதி நாற்றுகள் நுனி சிவந்து, இலை தடித்து, பிழைத்துக்கொண்டன.

வானம் மூட்டம் போட்ட ஒரு காலையில் லாரி மறுபடி வந்தது. மேற்பார்வையாளர் அம்மா நேராகத் தட்டுகளிடம் போனார். தானே ஓர் இலையைக் கிள்ளிக் கடித்தார். தள்ளிப்போய் இன்னொரு தட்டிலும் கடித்துப் பார்த்தார். பிறகு லாரிக்காரருக்குக் கையைக் காட்டினார்.

தம்பி கடைசியாகத் தட்டுகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் ஓரமாக நின்று, வழக்கம் போல ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். நன்றாகவே ஏறியிருந்தது.

அவளிடம் யாரும் கேட்கவில்லை.