குப்பையை வீட்டுக்குள் அடுக்கிய போகி

ரப்பர் எரிகிற நாற்றம் முதலில் மூக்குக்கு வருவதில்லை, தொண்டைக்குத்தான் வரும். நாக்கின் அடியில் ஒரு கசப்பு ஊறி, அதற்குப் பிறகுதான் மூக்கு விழித்துக்கொண்டு அது டயர் என்று சொல்லும். எங்கள் வீட்டில் அதை முதலில் கண்டுகொள்பவள் என் தங்கை மலர். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு "இளைப்பு", மூச்சு முட்டும் நோய். மற்ற வீடுகளில் மார்கழி பாதி தாண்டினால் பொங்கலுக்குத் துணி எடுப்பதைப் பற்றிப் பேச்சு வரும். எங்கள் வீட்டில் போகிக்கு இன்னும் எத்தனை நாள் என்று அம்மா பயத்தோடு எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

அம்மா கொல்லிமலையில், வளப்பூர் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். அப்பாவுக்கு வேலை கீழே, விடுமுறைக்கு மட்டும் பஸ் ஏறி வருவார். எங்களுக்குச் சொந்த ஊர் ஆரணிப் பக்கம். எங்களைப் போலவே சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகளில் இருந்தோம். அதற்கு "லைன் வீடு" என்று பெயர். மலைக்காரர்களுக்கு அந்த நாள் போகியே இல்லை, "காப்புக் கட்டு". வேப்பிலை, ஆவாரம்பூ, வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கும் பூளைப்பூ, இவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டையும் வெள்ளாமையையும் கெட்டது எதுவும் அண்டக்கூடாது என்று வாசல் மேலேயும் விளைகிற காட்டின் மூலையிலும் செருகி வைப்பார்கள். அதில் தீப்பெட்டிக்கு வேலையே கிடையாது. எதையாவது கொளுத்தினால்தான் பண்டிகை என்று நினைத்தவர்கள் லைன் வீட்டுக்காரர்களான நாங்கள்தான்.

ஒரு போகியில் மலர் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்த பிறகு அம்மா எங்கள் வீட்டில் கொளுத்துவதை நிறுத்திவிட்டாள். ஆனால் நம் வீட்டில் நிறுத்தி என்ன பயன், புகைக்கு வீட்டு எண் தெரியுமா? "குழந்தைக்கு ஆகாது, கொளுத்தாதீங்க" என்று சொன்னால் எல்லோரும் "ஐயோ பாவம்" என்பார்கள், காலையில் "கொஞ்சமாத்தான் டீச்சர்" என்று பற்ற வைப்பார்கள். அதனால் அடுத்த வருஷம் அம்மா வேறு ஒரு வழி கண்டுபிடித்தாள். கொளுத்துவதற்குப் பொருளே இல்லாமல் செய்துவிட்டால்?

ஒவ்வொரு வீடாகப் போனாள். "உங்க வீட்டுப் பழசையெல்லாம் எனக்குக் குடுத்துடுங்க. பதிலுக்கு நானே வந்து உங்க வாசல்ல காப்புக் கட்டிட்டுப் போறேன்." பேரம் விசித்திரமாக இருந்தாலும் யாரும் மறுக்கவில்லை. கிழிந்த கோரைப்பாய், அடி போன பிளாஸ்டிக் குடம், தேய்ந்த துடைப்பம், உரச்சாக்கு, சைக்கிள் டயர் எல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்து குவிந்தன. கட்டிலுக்கு அடியில் இடம் போய், அடுப்படி மூலை நிரம்பி, கடைசியில் நாங்கள் குடங்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தோம். பூப் பறிக்கத் துணைக்கு வந்த பக்கத்துக் காட்டுப் பொன்னக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சரு, ஊரெல்லாம் ஊட்டைச் சுத்தம் பண்ணுது, நீங்க ஊர்க் குப்பையை ஊட்டுக்குள்ள அடுக்கறீங்களே!" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். எனக்கு மட்டும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்போது சுற்றுச்சூழலுக்கு இசைந்த பண்டிகை, ஆரோக்கியமான பண்டிகை என்றெல்லாம் அழகாகப் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் எதுவும் தெரியாது. ஓட்டைக் குடங்களில் மண் போட்டு மலர் கொத்தமல்லி விதைத்தாள், உரச்சாக்குகள் மிதியடிகளாயின, வெள்ளைச் சர்க்கரையும் புது அரிசியும் இல்லாமல் சாமையும் வெல்லமும் மலைவாழைப்பழமும் போட்டுப் பொங்கல் வைப்பதென்று முடிவாயிற்று. அம்மாவுக்கு உலகத்தைக் காப்பாற்றும் எண்ணம் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு வீடு மட்டும் பாக்கி இருந்தது. புதிதாக மாற்றலாகி வந்த ஓவர்சியர், தன் பிள்ளைகளுக்காக லாரி டயர் ஒன்றை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து வைத்திருந்தார். அம்மா அதற்காக அவர் வாசலில் நின்று கைகூப்பினாள். யாரிடமும் அப்படி நின்று நான் அவளைப் பார்த்ததில்லை. "வேணாம் சார், என் பொண்ணு தாங்க மாட்டா." அவர் கெட்டவர் இல்லை. அவருக்கே சங்கடமாகப் போய், "கவலைப்படாதீங்க டீச்சர், இங்க கொளுத்த மாட்டேன்" என்றார். அம்மா அவர் வாசலிலும் ஒரு காப்பைச் செருகிவிட்டு வந்தாள்.

"இங்க" என்ற அந்த ஒரு சொல்லை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

போகி விடியலில் அவர் டயரைக் கீழே இருந்த பள்ளத்துக்கு உருட்டிப் போய், நன்றாகத் தள்ளி வைத்துத்தான் கொளுத்தினார். சமவெளியில் தள்ளிப் போனால் போதும், தப்பில்லை. மலையில் தை பிறக்கும் சமயத்து மூடுபனி விடிய விடியப் பள்ளத்தில்தான் படுத்திருக்கும். வெளிச்சம் ஏற ஏற அது சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். அன்று அந்தப் புகையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு ஓட்டுச் சந்துகளில் நுழைந்தது. நான் கண் விழித்தபோது மலர் எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொண்டிருந்தாள். "டயர்" என்று சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

வாயில் வைத்து மருந்தை இழுக்கும் "பம்பு" அடித்தும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லை. அப்பா வந்துகொண்டிருந்த முதல் பஸ்ஸும் பனி விலகட்டும் என்று கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ நின்றிருந்தது. கதவைச் சாத்தினால் உள்ளே புகை, திறந்தால் வெளியே புகை. அம்மா மலரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினாள். இடுப்பில் வைக்கிற வயதை மலர் எப்போதோ தாண்டியிருந்தாள். மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே, வழியில்லாத சரிவில், மேல, மேல என்று அம்மா சொல்லிக்கொண்டே போனாள். அது எங்களுக்குச் சொன்னதா சாமிக்குச் சொன்னதா தெரியாது. நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி பின்னால் ஏறினேன். மலரின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

மேட்டின் உச்சியில் பனி முடிந்தது. வெயிலும் காற்றும் அங்கே இருந்தன. காப்புக்குப் பூளைப்பூ பறித்துக்கொண்டிருந்த பொன்னக்கா பூவைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து மலரைத் தன் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். "மூச்சை உடு கண்ணு, உடு சாமி, காத்து நெறையாக் கெடக்குது, எல்லாம் உனக்குத்தான்." எவ்வளவு நேரமோ, எங்களுக்கு அது ஒரு யுகம். மெல்ல மெல்ல உதட்டில் சிவப்பு திரும்பியது. அப்போதுதான் ஓவர்சியர் செருப்பில்லாமல் மூச்சு வாங்க ஏறி வந்தார். "கீழதானே டீச்சர் வெச்சேன், கீழதானே வெச்சேன்" என்று அழுதார். அம்மாவுக்குத் திட்டக்கூட மூச்சு மிச்சமில்லை.

அதற்குப் பிறகு எங்கள் போகி அந்த மேட்டில்தான். பொழுது விடிவதற்குள் சாமைப் பொங்கல் தூக்குவாளியோடு ஏறிவிடுவோம், பொன்னக்கா கட்டித் தரும் காப்பை மலர் தன் சடையில் செருகிக்கொள்வாள், பனி கலைந்த பிறகுதான் இறங்குவோம். மலர் வளர்ந்து கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகும் இந்த வழக்கம் விடவில்லை. மார்கழிக் கடைசியில் அங்கே புகை மூடும் முன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்துவிடுவாள்.

இந்த வருஷம் நானும் அவளோடு போனேன். முட்டி தேய்ந்துபோன அம்மா ஆரணியில் இருந்துவிட்டாள். மேட்டு உச்சியில் இப்போது வரிசையாகக் கூடாரங்கள், தங்கும் குடில்கள், கார்கள். பூளைச் செடி இருந்த இடத்தில் கூழாங்கல் கொட்டி நடுவில் தீ மூட்டக் குழி வெட்டியிருந்தார்கள். அன்று விடியலில் அந்தக் குழியில் காகிதத் தட்டு, தண்ணீர் பாட்டில், பழைய டயர் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. விருந்தாளிகள் சுற்றி நின்று "ஹேப்பி போகி" என்று கைதட்டினார்கள். மலர் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். பிறகு முட்டியில் கை ஊன்றினாள்.

பிழைத்துக்கொண்டாள், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாடகைக் கார் இருந்தது, ஆஸ்பத்திரி வரை பம்பு தாங்கியது. ஆனால் அந்தக் கணத்தில் என் கையில் போன் அடித்தது. அம்மா. மலரின் மூச்சு அவளுக்குப் போனிலேயே கேட்டுவிட்டது.

"அய்யோ, புகையா? அங்க நிக்காதீங்க. மேல கூட்டிட்டுப் போடி, சீக்கிரம் மேல கூட்டிட்டுப் போ!"

நாங்கள் மேலேதான் நின்றுகொண்டிருந்தோம்.