ராய்ஸ் டிட்வெல் கையில் எடுத்த பந்து

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து வால்டோஸ்டா ஊர்க்காரன் ராய்ஸ் டிட்வெல் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரன் என்ற பெயரில் பதினேழு ஆண்டுகள் காலம் தள்ளினான். ஆடிய போட்டிகள் நானூற்றுப் பன்னிரண்டு. வென்றது ஒன்றுகூட இல்லை. 1998இல் ஒருமுறை மூன்றாவதாக வந்தான். அதுவும் கடைசி நாள் ஆட்டம் மழையில் ரத்தானதால். அதைப் பற்றி அவன் பேசிய அளவுக்கு அன்று முதலிடம் வந்தவன் பேசியதில்லை.

தோல்விக்கு எப்போதும் ஒரு காரணம் கைவசம் இருந்தது: புல், முழங்கால், காற்று, அவன் பையைச் சுமக்கும் எம்மெட் ப்ரூயிட் தும்மியது. பந்தைக் குழிக்குள் தள்ளும் மட்டையை முப்பத்தொரு முறை மாற்றினான். தள்ளுகிற கை அதேதான்.

அவன் சிங்கமாக உலவியது புதன்கிழமைகளில். போட்டி வியாழனன்று தொடங்கும். முந்தைய நாள் வசதியான வியாபாரிகள் பணம் கட்டி ஆட்டக்காரர்களோடு விளையாடுவார்கள். பந்து குழிக்குப் பக்கத்தில் நின்றாலே யாராவது "போதும், எடுத்துக்கோ" என்று சொல்லிவிடுவார்கள். உள்ளே போனதாகவே வைத்துக்கொள்வார்கள். ராய்ஸ் அவர்களுக்குத் தாராளமாகச் சொன்னான். அவர்களும் அவனுக்குச் சொன்னார்கள். பிறகு பியர், வறுத்த கோழி, 1998. நாளடைவில் பயிற்சியை விட்டுவிட்டு அவர்களுடைய மைதானங்களிலேயே பழியாகக் கிடந்தான்.

"நீ ஒரு பந்த உள்ள தள்ளி முடிச்சு எத்தன நாளாச்சு, ராய்ஸ்?" என்றார் எம்மெட்.

"ஒரு சாண் தூரத்துக்கெல்லாம் எவனாவது பழகுவானாய்யா? போய் பைய எடு."

2009 நவம்பர். ஃபுளோரிடாவில் ஆண்டின் கடைசிப் போட்டி. தரவரிசையில் முதல் நூற்று இருபத்தைந்து பேருக்குள் வந்தால்தான் அடுத்த ஆண்டு ஆடும் உரிமை. நாற்பத்து மூன்று வயதில் ராய்ஸ் அந்த விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தான். கடைசிக் குழியை நான்கு அடிகளில் முடித்தால் பிழைத்தான்.

"நாலு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் எம்மெட்.

இரண்டு அடிகளில் பந்து, குழி இருக்கும் பசும்பரப்புக்கு வந்துவிட்டது. மூன்றாவதாகத் தள்ளியது குழியை உரசிக்கொண்டு ஒரு சாண் தள்ளி நின்றது. இன்னும் ஒரு தட்டுதான்.

பார்வையாளர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு வெளியே படகு வியாபாரி ஹோமர் க்ளெம் நின்றிருந்தார். நான்கு வருடப் புதன்கிழமை நண்பர். பியர் கோப்பையை உயர்த்தி, "போதும் ராய்ஸ், எடுத்துக்கோ!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. ராய்ஸும் சிரித்தபடி குனிந்து, பந்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

சிரிப்பு நின்றது. உடன் ஆடிய இளைஞன் ப்ரென்ட் ஹஸ்கின்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சார்... பந்து இன்னும் உள்ள போகலயே."

ராய்ஸ் எம்மெட்டின் காதருகே போய், "காத்துல நகர்ந்துச்சு, அதான் எடுத்தேன்னு சொல்லு" என்றான்.

எம்மெட் குழியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்திருந்த கொடியைப் பார்த்தார். அது துவண்டு தொங்கியது. "காத்து எங்கப்பா இருக்கு?" என்றார். அவன் போனால் அவருக்கும் வேலை போகும். ஆனாலும் சொன்னார்.

விதி அதிகாரி வந்தார். இருந்த இடத்தில் அடையாளம் வைக்காமல் பந்தை எடுத்ததற்குத் தண்டமாகக் கணக்கில் ஓர் அடி கூடும்; திரும்ப வைத்து ஆடி முடிக்க வேண்டும்.

"அந்தக் குடிகாரன் கத்துனான் சார்! அவன் சொல்லித்தான் எடுத்தேன்!"

"அவர் உங்க கூட ஆடுறாரா?"

"இல்ல."

"அப்போ வச்சு ஆடுங்க."

பதினேழு ஆண்டு ஆட்டக்காரன் அந்த ஒரு சாண் தூரத்துக்கு நாற்பது விநாடி எடுத்துக்கொண்டான். பந்து விளிம்பில் ஆடி உள்ளே விழுந்தது. ஐந்து. தரவரிசையில் நூற்று இருபத்தாறு.

அடிக்கணக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவனின் தோளில் ஹோமர் தட்டினார். "விடுப்பா, சும்மா தமாசுக்குச் சொன்னேன். அந்த ஹஸ்கின்ஸ் பையன் உனக்குப் பழக்கமா? அடுத்த வருஷம் புதன்கிழமைக்கு அவன் கூட ஆட ஏற்பாடு பண்ண முடியுமா?"

கேட்டுச் சொல்வதாக ராய்ஸ் சொன்னான்.