பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய மதர்போர்டு

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் வெளியே வந்தது நாற்றம். பழைய எண்ணெய், கரப்பான், காயாத துணி மூன்றும் சேர்ந்தால் வரும் நாற்றம். அடுப்படியிலிருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, எலி கிலி செத்துக் கீதா?”

“எலி இல்லம்மா. நம்ம கம்ப்யூட்டர்தான்.”

“மூடுடி. கொமட்டுது.”

நான் மூடவில்லை. எதையும் பட்டியல் போடாமல் தொடாத பழக்கம் எனக்கு. உள்ளே இருந்தவற்றை எழுதிக்கொண்டேன். கரப்பான் முட்டைக் கூடுகள் பதினொன்று. செத்த கரப்பான் நான்கு, உயிரோடு ஒன்று. பல்லியின் வால் ஒன்று, பல்லி இல்லை. விசிறி இறக்கைகளில் தாளிப்புப் புகை படிந்து பாசி மாதிரி வழவழத்த தூசி. அப்புறம், இரண்டு கை நிறைய பொரி.

பொரியைத்தான் தாங்க முடியவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை இந்தப் பெட்டியின் தலையில் இலைத் துண்டு போட்டுப் பொரி கடலை வைப்போம். தலையில்தான் காற்றுத் துவாரமும் இருக்கிறது. வைத்ததில் பாதி உள்ளே போயிருக்கிறது. இத்தனை வருடமாகச் சாமி பேரைச் சொல்லி நாங்கள் கரப்பானுக்குப் படியளந்திருக்கிறோம். முன்பக்கம் அண்ணன் தடவிய சந்தனம் துவாரங்களை அடைத்துக்கொண்டு சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

அண்ணன் பாலிடெக்னிக் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. படிப்பு முடிந்து, அண்ணன் இப்போது கம்பெனி பஸ் ஓட்டுகிறான். நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். வெளியிலிருந்து வரும் பாகங்களை வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சரி, சரியில்லை என்று சொல்வது வேலை. நான்கு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மாதம் டிசைன் பிரிவில் ஓர் இடம் காலியானது. உள்ளே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒரே நிபந்தனை: எண்பத்து மூன்று பாகங்கள் கொண்ட ஒரு பிடிப்புக் கருவியைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் வடிவமைத்து, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அனுப்ப வேண்டும். டிசைன் மென்பொருள் உள்ள கம்ப்யூட்டர்களை அந்தப் பிரிவுக்காரர்கள் மட்டும்தான் தொடலாம். மற்றவர்கள் வீட்டில் செய்துகொள்ள வேண்டியதுதான்.

பாகங்களைத் தனித்தனியாக வரைந்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கப் போனால், பதினான்காவது பாகத்தில் எங்கள் பெட்டி உறைந்துவிட்டது. நான்கு முறை முயன்றேன், நான்கு முறையும் பதினான்கிலேயே. அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை அதைத் திறந்தேன்.

வரைந்த கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டபின், தேறியது வெறும் தகரக்கூடு. அதைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய் சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்தேன். உள்ளே வைக்க வேண்டியதற்குத் தொழிற்சாலை முறையிலேயே ஒரு தாள் தயார் செய்தேன். பாகம், தேவை, கடையில் இருப்பது, முடிவு என்று நான்கு பத்திகள். பிராசஸரின் சாக்கெட்டும் மதர்போர்டின் சாக்கெட்டும் ஒன்றா. ரேம் அந்த போர்டு ஏற்கும் வகையா. கிராபிக்ஸ் கார்டின் நீளம் இருபத்தாறு சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா. அதற்கு மேல் போனால் கேபினெட்டின் ஹார்டு டிஸ்க் கூண்டில் இடிக்கும். கூலரின் உயரம். பவர் சப்ளை எல்லாவற்றையும் தாங்குமா. கடைசி வரியைச் சிவப்பில் எழுதினேன்: மதர்போர்டின் பயாஸ் இந்த பிராசஸரை அறியுமா. பயாஸ் என்பது போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிறு மென்பொருள். சாக்கெட் பொருந்தினாலும், பயாஸ் பழையதாக இருந்தால் புதிய பிராசஸர் அதற்கு யாரோ தெரியாதவர்.

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து அண்ணனோடு ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்க்கவேயில்லை.

“சொல்லு தலைவா, இன்னா கேம் ஆடப்போற?”

“நான் பஸ் ஓட்றவன்பா. அதுகிட்ட கேளு,” என்றான் அண்ணன்.

“தங்கச்சிக்கா? ஆன்லைன் கிளாஸுக்கு இம்மாம் பெருசு எதுக்குமா?”

“கிளாஸ் இல்ல. டிசைன் சாஃப்ட்வேர்,” என்று தாளை நீட்டினேன்.

“அப்ப கலர் லைட்டு எரியற மாதிரி போட்ருவோம்.”

தாளை வாங்கவில்லை. அவர் இடது கை சுண்டுவிரலில் நகம் வளர்த்திருந்தார். பேசிக்கொண்டே அதைக் காதுக்குள் விட்டுச் சுழற்றி எடுத்து, பார்த்து, பேண்ட்டில் துடைத்தார். அதே நகத்தால் பிராசஸர் பெட்டியின் மூடியை நெம்பித் திறந்து என் பக்கம் தள்ளினார். எனக்குச் சாப்பிட்டது மேலே வந்தது. பிராசஸரைக் கைக்குட்டையால் பிடித்து எண்ணைச் சரிபார்த்தேன். சரி.

பவர் சப்ளையின் அட்டைப் பெட்டியில் அறுநூறு வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கையில் எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் மாதிரி லேசாக இருந்தது. பக்கவாட்டு லேபிளைப் படித்தேன்.

“பன்னண்டு வோல்ட்டுல பதினெட்டு ஆம்பியர்தான் போட்டுக் கீது. பெருக்கினா இருநூத்திப் பதினாறு. மீதி வாட்டெல்லாம் எங்கண்ணா?”

அப்போதுதான் அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“கம்பெனில வேல செய்றியாமா?”

“செக்கிங்ல.”

“அத்த முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்று மேசைக்கு அடியிலிருந்து கனமான வேறொன்றை எடுத்து வைத்தார். ஆள் பார்த்துக் கொடுக்கிறார் என்பதை அவர் மறைக்கக்கூட இல்லை. இருந்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அண்ணன் தோளில் தட்டினான்.

கடைசி வரிக்கு வந்தேன். “இந்த போர்டுல பயாஸ் அப்டேட் ஆச்சா?”

“தோ பாரு, பச்ச ஒட்டிக் கீது. எல்லாம் ஓகே.”

மதர்போர்டு பெட்டியின் மூலையில் வட்டமான பச்சை ஸ்டிக்கர் இருந்தது. தாளில் சரி என்று குறித்தேன்.

மறுநாள் காலை எல்லாவற்றையும் பூட்டி முடித்து பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. போர்டின் ஓரத்தில் சிபியூ என்று எழுதிய இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது, போர்டுக்கு இந்த பிராசஸரைத் தெரியவில்லை. புரிந்த பிறகும் எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றி மாட்டினேன். என் தவறாக இருக்கக்கூடாது என்று. அப்போதுதான் கீழே கிடந்த மதர்போர்டு பெட்டி கண்ணில் பட்டது. அதன் வாயில் கம்பெனி ஒட்டியிருந்த ‘சீல்’ பட்டையை அன்று காலை நான்தான் கத்தியால் கிழித்திருந்தேன். பிரிக்காத பெட்டிக்குள் இருக்கும் போர்டை யாராலும் அப்டேட் செய்ய முடியாது. சீலும் பச்சை ஸ்டிக்கரும் நான்கு விரல் இடைவெளியில் இருந்தன. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சரி போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை இரண்டு மணி வரைதான். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வண்டியில் போனோம். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஸ்க்ரீன் வரலண்ணா. சிபியூ லைட் எரிஞ்சிக்கினே கீது.”

“மாட்டத் தெரியாம மாட்டிருப்ப,” என்று எச்சில் கையோடு போர்டை எடுத்துத் திருப்பினார். ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியது.

“பெட்டி சீலே நான்தான் கிழிச்சேன். சீல் பிரிக்காம எப்படி அப்டேட் பண்ணீங்க?”

“பண்ணேன்னு யாரு சொன்னா?”

“பச்ச ஸ்டிக்கர் காட்டினீங்களே.”

“அது சரக்கு வந்துச்சுன்னு ஒட்றதும்மா. பச்ச ரோல் இருந்துச்சு, பச்ச ஒட்டினேன். மஞ்ச இருந்தா மஞ்ச ஒட்டிருப்பேன்.”

அண்ணன் சிரித்துவிட்டான். “உங்க கம்பெனி மாதிரியே கீதே பாப்பா!”

அவன் கேலியாகத்தான் சொன்னான். அதைச் சொல்லும் விஷயத்தை அவனுக்குக் கொடுத்தவள் நான். எங்கள் தொழிற்சாலையில் பச்சை ஸ்டிக்கர் என்றால் பரிசோதித்தாகிவிட்டது என்று பொருள். ஐம்பது பாகங்கள் உள்ள பெட்டியில் பத்தை அளக்க வேண்டும் என்பது விதி. லைன் நிற்கிறது, லாரி நிற்கிறது என்று சூப்பர்வைசர் வந்து நின்றால் ஐந்து. சில நாட்களில் மேல் அடுக்கை ஒரு பார்வை. இன்னும் சில நாட்களில் பெட்டியைத் திறப்பதே இல்லை. ஸ்டிக்கரை ஒட்டி அதன்மேல் என் முதலெழுத்தைப் போடுவேன். பஸ்ஸில் வரும்போது இதை அண்ணனிடம் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரரின் மேசையில் கிடந்த ரோல் நாங்கள் வாங்கும் அதே ரோல். பிரிக்காத பெட்டியில் பச்சை என்பது வேறு யார் கண்ணையாவது உறுத்தியிருக்கும். எனக்குப் பழகியிருந்தது. அவருடைய நகத்தைப் பார்த்து வந்த அதே குமட்டல் இப்போதும் வந்தது, இந்த முறை பார்த்துத் திரும்பிக்கொள்ள எதிரில் யாருமில்லை.

“வெச்சுட்டுப் போ. புதன்கெழம ஆவும்,” என்றார்.

“நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு எனக்கு ஃபைல் அனுப்பணும்.”

“அதுக்கு நான் இன்னா பண்ண?”

அப்டேட் செய்ய, இந்த போர்டுக்குத் தெரிந்த பழைய பிராசஸர் ஒன்றைத் தற்காலிகமாக மாட்ட வேண்டும். கடையின் பில் போடும் கம்ப்யூட்டரைக் காட்டினேன். “அதுல கீறது இதே சாக்கெட்தான?”

“பில்லிங் மிஷின்ல கை வெக்காத.”

அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தான். “சரி தலைவா. நீ துன்னு. நான் இங்கியே குந்திக்கினு வர்றவன் ஒவ்வொருத்தனுக்கும் பச்ச ஸ்டிக்கர் கத சொல்றேன். எனக்கு இன்னிக்கு லீவுதான்.”

கடைக்காரர் அவனைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். “நீயே கழட்டிக்கோ. எதுனா ஆச்சுன்னா நீதான் பொறுப்பு.”

அந்தப் பெட்டியின் மேலும் ஒரு பச்சை ஸ்டிக்கர் இருந்தது. திறந்தேன். அம்மா கேட்ட எலி இங்கே இருந்தது. கடித்துத் துண்டாக்கிய பில் தாள்களின் மெத்தையில், காய்ந்து தட்டையாகிப்போன சுண்டெலி. சுற்றிலும் புழுக்கை. அதன்மேல் விசிறி சுற்ற, தினமும் பில் போட்டிருக்கிறார்கள். இன்னொரு பில் தாளை மடித்து அதை வாலோடு எடுத்து வெளியே போட்டேன். அண்ணன் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தான்.

கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே இருந்த பசை காய்ந்து இறுகியிருந்தது. நேராக இழுத்தால் பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து அடியில் உள்ள ஊசிகள் வளைந்துவிடும். மறுபடி இயக்கி, பத்து நிமிடம் சூடேற விட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினேன். விரல்களுக்குக் கீழே ஏதோ பிசுபிசுத்தது. என்னவென்று பார்க்கவில்லை. பசை விட்டது. அந்த பிராசஸரை என் போர்டில் மாட்டி, பில் மிஷினின் மின்கம்பியிலேயே இணைத்து அப்டேட்டை ஓடவிட்டேன்.

அப்டேட் ஓடும்போது மின்சாரம் போனால் போர்டு அதோடு சரி. அறுபது சதவீதத்தில் மின்விசிறி நின்றது, தெருவே அணைந்தது. மேசைக்கு அடியிலிருந்த யுபிஎஸ் பேட்டரிக்கு மாறிக் கத்த ஆரம்பித்தது.

“எவ்ளோ நேரம் தாங்கும்ணா?”

“தெரிலமா. அது இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு.”

தாங்கியது. முடிந்ததும் அவருடைய பிராசஸரை அவர் பெட்டியில் சுத்தமாகத் துடைத்து மாட்டி, என்னுடையதை என் போர்டில் வைத்தேன். சிவப்பு விளக்கு அணைந்து திரை வந்தது. கடைக்காரர் கை கழுவிவிட்டு வந்து பார்த்தார். “கெட்டிக்காரிதான்,” என்றார் அண்ணனிடம்.

வீட்டுக்கு வந்து முழங்கை வரை மூன்று முறை கழுவினேன். மாலைக்குள் எண்பத்து மூன்று பாகங்களையும் சேர்த்துவிட்டேன். அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. அனுப்பவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் நகர்த்தி, எதனோடாவது இடிக்கிறதா என்று பார்த்தேன். ஐந்தை அல்ல, பத்தை அல்ல, எல்லாவற்றையும். எழுபத்தோராவது பாகமான ஒரு போல்ட்டின் தலை, கருவியின் கையை இரண்டு மில்லிமீட்டர் உரசியது. திருத்தி, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து இடம் எனக்குக் கிடைத்தது. டிசைன் அறையில் ஏசி, கண்ணாடிக் கதவு, எலுமிச்சை மணக்கும் தரை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, லாரி இல்லை, ஸ்டிக்கர் ரோல் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த சீனியர் முதல் வேலையாக ஒரு வெற்று வரைபடத் தாளை என் திரைக்கு அனுப்பினார். நான் இன்னும் ஒரு கோடு போடவில்லை. கீழ் மூலையில் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது.

“சார், இதுல கையெழுத்து ஏற்கெனவே இருக்கே?”

“அது டெம்ப்ளேட்லயே வரும்மா. ஒவ்வொரு தடவையும் யாரு வந்து போட்டுக்கினு இருப்பா? எடுக்காத.”

விரல்களில் அந்தப் பிசுபிசுப்பு திரும்பி வந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். பிறகு கையெழுத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தேன்.

“வரைஞ்சு முடிச்சதும் கூப்பிடறேன் சார். பாத்துட்டுப் போடுங்க.”

அவர் நாற்காலியைத் திருப்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். செத்த எலியை யாரோ மேசையில் வைத்துவிட்ட மாதிரி.