இரண்டு கோடுகளும் எண்ணூர் ரயிலும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை எண்ணூருக்குப் போனேன். ஊர் சுற்ற இல்லை. ஒரு கிராஃப் மேல் எனக்குச் சந்தேகம். என்னோடு பாரிமுனை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரஞ்சனிக்கு மன்னாரிலிருந்து அவள் தம்பி அதை அனுப்பியிருந்தான். இந்தியா, இலங்கை இரண்டின் தலா வருமானமும் பல வருடங்களுக்குக் கோடாகப் போட்டிருந்தது. இலங்கைக் கோடு மேலேயே ஓடியது. கீழே ஒரு வரி: "அங்க இருந்து என்னத்தக் கண்டீங்கள்? குடும்பத்தோட வந்திடுங்கோ அக்கா."

ரஞ்சனி சிறுமியாக அகதிப் படகில் வந்தவள்; அம்மாவும் தம்பியும் மன்னாரிலேயே தங்கிவிட்டார்கள். கல்யாணம், குழந்தை எல்லாம் இங்கேதான். அகதியாகப் பதிவானவள் போனால் திரும்பி வருவது சுலபமில்லை. அந்தச் சனிக்கிழமை மாலை தம்பி பதில் கேட்டுக் கூப்பிடுவான். நான் இலங்கைக்கு இரண்டு தடவை போய் வந்தவன் என்பதால், "வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுண்ணா" என்றாள்.

ராயபுரத்திலிருந்து மின்சார ரயிலில் ஐந்து ரூபாய் டிக்கெட், சுமார் அரை மணி நேரம். போர்டில் போட்டிருந்த 10.15-ஐ நான் நம்பவில்லை. அன்றைக்கென்று பார்த்து சரியாக வந்து தொலைத்தது.

எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். சாலையோரம் கண்ணுக்கு எட்டியவரை துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள். அந்த வரிசையில் ரஞ்சனியின் கணவர், எண்ணூர்க்காரரான சேகரின் வண்டியும் நின்றது. ஏறி உட்கார்ந்தேன்.

"எப்ப உள்ள விடுவான்?"

"யாருக்குத் தெரியும்? காலீலர்ந்து நின்னுகினு கீறேன். டிரிப்பு முட்சாத்தான் துட்டு சார், நிக்கறதுக்கு யார் குடுப்பா?"

துறைமுகத்துச் சரக்கையும் வள்ளூர் அனல் மின் நிலையத்துக் கரண்டையும் இங்குள்ள தலைகளால் வகுத்தால், எண்ணூர்க்காரர் ஒவ்வொருவருக்கும் பங்களா வர வேண்டும். சேகரின் தலையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. தலா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

வீட்டில் ரஞ்சனி நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். கிராஃபைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலங்கையில் பெட்ரோலுக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற வருடத்துக்கு முன்பே கோடு நின்றுவிட்டிருந்தது. மாட்டிக்கொண்டான் என்று எனக்கு ஒரே குஷி. விட்டுப்போன வருடங்களை என் போனில் தேடினேன். கோடு சறுக்கியிருந்தது, அப்போதும் நம்முடையதற்கு மேலேதான். என் முகம் தொங்கிவிட்டது.

ஆறு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். சேகரும் அப்போதுதான் வந்து சேர்ந்தார். ரஞ்சனி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏன்டா, கோடு பாதியிலயே நிக்குது?"

"அது... அதுக்குப் பிறகும் நாங்கள்தான் மேல அக்கா."

"அம்மாம் வருமானம் கீதுன்னா, நாங்க வந்தா நீயும் அங்கியேதான கீவே?"

தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"கத்தாருக்கு விசா வந்திட்டுது அக்கா. அடுத்த மாசம் போறன். அம்மாவுக்கு நடக்க ஏலாது. பார்க்க ஆளில்ல."

ரஞ்சனிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "அம்மாவப் பாத்துக்கோன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்நேரம் பொட்டி கட்டியிருப்பேனேடா! என்னாண்ட எதுக்குக் கணக்குக் காட்ற?"

கோட்டையே துருவிக்கொண்டிருந்த எனக்கு, அங்கே அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

எண்ணூர் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். தூசிக்கு மூக்கைக் கட்ட ஒரு துணி அவசியம். டிரெய்லர் வரிசை இருந்தால் பஸ்ஸை நம்ப வேண்டாம், ரயில்தான். இரண்டு நாட்டு வருமானத்தை ஒப்பிட்டு யாராவது உங்களைக் கூப்பிட்டால், கூப்பிடுகிறவர் எந்த நாட்டில் இருக்கப் போகிறார் என்று முதலில் கேளுங்கள்.

ரஞ்சனி இந்த மாதக் கடைசியில் மகளோடு கிளம்புகிறாள். "நானும் பின்னாலயே வந்துருவேன்" என்று சேகர் மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகள் நம்பிவிட்டாள். என்னால் முடியவில்லை.